குனியக் கூடாத முதுகு

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நான் விழுந்ததை விழுந்தது என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். பஸ்ஸின் கடைசிப் படியில் இறங்கும்போது கால் சற்றுப் பிசகியது, கையை ஊன்றினேன், அவ்வளவுதான். காய்கறிப் பைகூடச் சிதறவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "ஒண்ணுமில்ல, எழும்புங்க" என்றாள். எழும்பினேன். மணிக்கட்டு மட்டும் என்னோடு எழும்பவில்லை. யாருடைய கையோ என் முழங்கையிலிருந்து தொங்குவது போல் தொங்கியது.

கட்டுப் போட்ட டாக்டருக்கு என் எக்ஸ்ரே பிடிக்கவில்லை. ஒடிந்த இடத்தை விட்டுவிட்டு ஒடியாத எலும்புகளையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படிச் சின்னதா விழுந்ததுக்கு இது ஒடியக் கூடாதே" என்றார். கர்ப்பப்பையை எடுத்தாயிற்றா, எப்போது என்று கேட்டார். நாற்பது ஆகும் முன்பே என்றேன். தலையாட்டினார். டாக்டர்கள் பேசினால் பயமில்லை, தலையாட்டினால்தான் பயம்.

அது 2012 வாக்கில். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தோம். எலும்புப் புரை என்றார்; கர்ப்பப்பையைச் சீக்கிரம் எடுத்ததால் எலும்பு உள்ளே பொத்தலாகிப் போயிருக்கிறதாம். முதுகும் இடுப்பும்தான் மோசம். விழக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பதெல்லாம் நான் எதிர்பார்த்ததே. கடைசியாகச் சொன்னதுதான் மனசில் தங்கியது. "முதுகை வளைச்சுக் குனியாதீங்க. குனியும்போது முதுகெலும்போட முன்பக்கம் அப்படியே நொறுங்கும். சில பேருக்கு அது நொறுங்கினதே தெரியாது."

தெரியாது என்பதுதான் என்னை உறங்க விடவில்லை. வலித்தால் அழலாம், ரத்தம் வந்தால் துடைக்கலாம். உடம்புக்குள் ஒரு வீடு சத்தமில்லாமல் இடிந்துகொண்டிருக்க, நான் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருப்பேனாம்.

நான் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. மகள் அயர்லாந்தில் நர்ஸ். எங்கள் கடற்கரை ஊரில் எனக்கு அடுத்த வீடு அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அவளும் கணவனை இழந்தவள்தான். மீன் கடவத்தைத் தலையில் வைத்து வயல்காட்டு ஊர்களுக்கெல்லாம் நடந்து விற்றவள். அந்தக் கூடையில் ஓர் ஆள் கனம் இருக்கும். அதைத் தூக்கிவிட வேறு யாரையும் கூப்பிட்டதில்லை, தானே குந்தி, தானே தலையில் ஏற்றி, தானே எழுவாள். ஊரில் அவளை எல்லாரும் இரும்பு என்றார்கள். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை, நிழலில் உட்கார்ந்து தைத்தவள்தானே.

ஸ்கேன் முடிவைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். "மீன் முள்ளக்கூட சவச்சுத் தின்ன குடும்பம் ஏட்டி நம்ம குடும்பம். நமக்கு எலும்புல கேடா? ஒனக்கு அந்தத் தையல் மெஷினுல குத்தவச்சுக் குத்தவச்சு வந்ததாக்கும்." சிரித்தவள் சாயங்காலமே மாதா கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து வாசலில் நின்று சொன்னாள்.

"நேந்தாச்சு. ஒனக்க எலும்பு தேறிச்சுன்னா, திருவிழாத் தேருக்குப் பொறவால நீ கும்பிடு நமஸ்காரம் செய்வேன்னு மாதாட்ட சொல்லியாச்சு."

எங்கள் ஊர்த் திருவிழாவின் கடைசி நாள் தேர் வரும். அதன் பின்னால் தெருமண்ணில் மூன்றடி நடந்து, முழந்தாளிட்டு, உடம்பை வளைத்து நெற்றி மண்ணில் பட விழுந்து, எழுந்து, மறுபடியும் மூன்றடி நடந்து விழுந்து, தேர் நிலைக்கு வரும்வரை போவதுதான் கும்பிடு நமஸ்காரம். இதில் நேர்கிறவர் ஒருவராகவும் செய்கிறவர் வேறொருவராகவும் இருப்பது எங்களுக்குள் சகஜம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் நேர்வாள், பிள்ளை வளர்ந்து செய்யும். நேரும் முன் யாரும் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. "ஏக்கா, குனிஞ்சா ஒடியும்னு டாக்டர் சொல்லுதாரு. நீ போய், ஒடியாம இருந்தா நான் குனிவேன்னு நேந்துட்டு வந்து நிக்க."

"தேறின பொறவுதானே குனியப் போற? தேறின எலும்பு எப்பிடி ஒடியும்?"

அக்காவின் நியாயங்களில் ஊசி நுழையவும் இடமிருக்காது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மகள் லீவில் வந்தபோது இடுப்பில் கட்டும் ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்தாள். அங்கே அப்போதுதான் புதிதாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்த சாமான். நான்கு விரல் அகலம், பின்பக்கம் இடுப்பெலும்பின் மேல் படியும் இடத்தில் சின்னதாக ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கினால் மெல்ல அதிரும். டிவியில் தொப்பை கரைய விற்பார்களே, ஆளைப் பிடித்து உலுக்கும் பெல்ட், அது வேறு. இது வெளியே பார்த்தால் தெரியாது. எலும்புக்கு வேலை கொடுக்காவிட்டால் அது கரையும், இந்த அதிர்வு வந்தால் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று நினைத்து நிமிரும் என்று மகள் விளக்கினாள். ஏமாற்றுவேலைதான் என்று எனக்குப் பட்டது. ஏமாறுவது என் எலும்பு என்பதால் சும்மா இருந்தேன்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெடுதல் இல்ல. ஆனா இதை நம்பி மாத்திரையை விட்டுராதீங்க. இதால எவ்வளவு பலன்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. நடங்க, பயிற்சி செய்யுங்க, இதையும் கட்டிக்கிடுங்க."

பயிற்சி சொல்லித்தர நாகர்கோவிலில் ஒரு பிசியோதெரபிப் பெண் இருந்தாள். சுவரில் முதுகை ஒட்டி நிற்பது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, குதிகாலை உயர்த்தித் தரையில் 'டொக்'கென்று இறக்குவது. கீழே கிடப்பதை எடுக்க வேண்டுமானால் முதுகு நேராக இருக்க, முழங்கால் மட்டும் மடங்க வேண்டும். வீட்டுக்குள் எத்தனை தடவை குனிகிறோம் என்பது குனியக் கூடாது என்று ஆன பிறகுதான் தெரிந்தது. துடைப்பத்துக்கு நீளக் கம்பு கட்டினேன். மீன் வெட்டும் பலகையை மேசைமேல் ஏற்றினேன்.

"மேசையில வச்சு மீன் வெட்டுத மொத கடப்பொறத்துக்காரி நீதான் மக்கா" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

காலையில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்பேன். வாரத்துக்கு ஒரு நாள் எலும்பு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுப் படுக்காமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் வீட்டுக்குள்ளேயே சுற்றுவேன். அக்கா ஜெபமாலையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்ப்பாள். ஒரு தடவை என் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "இதுக்க உள்ள உசுரு கெடந்து அனங்குது ஏட்டி" என்றாள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு உள்ளே இரைந்துகொண்டேயிருக்கும். கழற்றியாயிற்றா என்று இடுப்பைத் தடவிப் பார்ப்பேன்.

அக்காவுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நைட்டி தைப்பது நான்தான். அளவு எடுக்கத் தேவையே இல்லை, அவள் அளவு என் கைக்குத் தெரியும். அந்த வருஷம் தைத்துக் கொடுத்த நைட்டி தரையில் இழுபட்டது. கத்தரித்ததில் தப்பு என்று நினைத்துப் பழைய நைட்டியை வாங்கி மேலே வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளம். அவளை என் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். எப்போதும் என்னைவிட ஒரு பிடி உயரமாக இருந்தவளின் உச்சந்தலை என் நெற்றிக்கு நேரே இருந்தது. 

"ஏக்கா, நீ குறுகிட்டுப் போற."

"துணி நீண்டிருக்கும்."

"துணி நீளாது. நீ ஒரு தடவ ஸ்கேன் எடு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கா ஸ்கேனு? கடவம் சொமந்த முதுகு கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். நீ ஒன்னைப் பாரு."

நான் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது சண்டை போட்டேன். மகளைப் போனில் பேச வைத்தேன். டாக்டரிடம் அவளுக்கென்று நேரம் வாங்கினேன், அன்றைக்குக் காலையில் எழுந்து புதுக்கடை என்ற ஊரில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு முதுகில் வலி இருந்தது எனக்குத் தெரியும். இருமும்போது விலாவைப் பிடித்துக்கொள்வாள். கேட்டால் வாயு என்பாள். தைலம் தேய்த்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பாள், நான் பார்ப்பது தெரிந்தால் கையை எடுத்துவிடுவாள். பின்னாலிருந்து பார்க்கும்போது கழுத்துக்குக் கீழே முதுகு மெல்ல மெல்ல வளைந்து வந்தது. ஊர் அவளை அப்போதும் இரும்பு என்றது.

ஒன்றரை வருஷம் போன பிறகு எனக்கு இரண்டாவது ஸ்கேன். டாக்டர் இந்த முறை தலையாட்டவில்லை, சிரித்தார். முதுகில் குறையவில்லை, இடுப்பில் கொஞ்சம் கூடியிருக்கிறது. மாத்திரையா, நடையா, பெல்ட்டா என்று கேட்டேன். "எதுன்னு எனக்கும் தெரியாது. எல்லாத்தையும் விடாம செய்யுங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"தேறிச்சா?"

"தேறிச்சு."

"அப்ப இந்தத் திருவிழாவுக்கே செய்துரணும்."

சந்தோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை. முடியாது என்றேன். தேறியது என்றால் இளம்பெண் மாதிரி ஆகிவிட்டேன் என்று அர்த்தமில்லை, நேற்றைக்கு இருந்த ஆபத்து இன்றைக்கும் இருக்கிறது என்று தொண்டை வறளப் பேசினேன். "மாதா ஒனக்கு எலும்பு தந்தாச்சு, நீ குடுக்க மாட்டேங்குத" என்றாள். அப்படியானால் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் கத்தினேன். அக்கா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் பார்த்தது கோபமில்லை, பயம். எனக்காகப் பயந்தாள். நேர்ந்ததைச் செய்யாவிட்டால் கொடுத்தது பறிபோகும் என்பதை அவள் கடல் அலை போல அவ்வளவு நிச்சயமாக நம்பினாள்.

பங்குச் சாமியாரிடம் இரண்டு பேரும் போனோம். சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார். "நேர்ச்சையை மாத்திச் செய்யலாம்மா. அதுக்கு எனக்கு அதிகாரம் உண்டு. தேர் அன்னைக்கு ஏழைகளுக்கு ஒரு நேரம் சாப்பாடு போடுங்க. மாதா யாருடைய முதுகும் ஒடியணும்னு கேக்க மாட்டாங்க."

அக்கா "சரி சாமி" என்றாள். வெளியே வந்ததும் என்னிடமும் "சரி" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் எதற்கும் அவ்வளவு சுலபமாகச் சரி சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

திருவிழாக் கொடி ஏறியது. அக்கா ஒருசந்தி இருக்கத் தொடங்கினாள். ஒருநேரச் சாப்பாடு, மீன் கிடையாது. வருஷா வருஷம் இருப்பதுதானே என்றாள். வருஷா வருஷம் கடைசி இரண்டு நாள்தான் இருப்பாள், இந்த முறை முதல் நாளிலிருந்தே. என்னிடம் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். நான் நடந்துவிட்டு வந்தால் பெல்ட்டைத் தானே வாங்கித் துடைத்து வைப்பாள். எனக்கு அவளுடைய பழைய வாய்ச்சண்டை வேண்டும் போலிருந்தது.

தேர் அன்று மதியம் கோயில் மைதானத்தில் நான் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். கையில் நீளக் கரண்டி, எதிரே உயர மேசை, எல்லாம் என் முதுகுக்காக ஏற்பாடு செய்தது. தேர் கிளம்பிய வெடிச்சத்தம் கேட்டது. அக்காவைக் காணவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடக் கூடாது என்பது அப்போது நினைவில் இல்லை.

தேர் கீழத் தெருவுக்குள் திரும்பியிருந்தது. பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்கள் வரிசையாக விழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள். நடுவில் அக்கா. குளித்த ஈரச் சேலையோடு, நெற்றியிலும் மூக்கிலும் மண் ஒட்டியிருக்க, உதடு அசைய விழுந்தாள். கையை ஊன்றி எழுந்தாள். மூன்றடி வைத்தாள். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போவதற்குள் மறுபடி விழுந்தாள், எழுந்தாள். அவள் என் பேரைச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டு போனாள். உதட்டசைவில் எனக்குத் தெரிந்தது.

நான் கிட்டே போனபோது முழந்தாளிட்டுக் குனிந்துகொண்டிருந்தாள். நெற்றி மண்ணைத் தொட்டது. எழவில்லை. ஜெபிக்கிறாள் என்று பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். பேண்டு வாத்தியம் அடித்துக்கொண்டிருந்தது, எந்தச் சத்தமும் கேட்டிருக்க வழியில்லை. அவள் விரல்கள் மண்ணைப் பிறாண்டுவதைப் பார்த்தேன். அவளைத் தூக்க நான் அப்படியே வளைந்து குனிந்தேன்.

"குனியாத ஏட்டி" என்றாள். முகம் மண்ணில் கிடந்தபடியே சொன்னாள். "நீ குனியாத."

ஆண்கள் நான்கு பேர் வந்து பெஞ்சுப் பலகையில் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அன்றைக்கு நொறுங்கியது ஓர் எலும்பு. அதற்கு மேலும் கீழும் ஏற்கெனவே நொறுங்கி, அமுங்கி, அப்படியே ஒட்டிப்போனவை வேறு இருந்தன. எப்போது என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் போயிருக்கும் என்றார். "இவங்க எப்படி இத்தனை நாள் நடந்தாங்க?" என்று என்னிடம் கேட்டார். அவளிடம் கேட்டதற்கு அவள் வாயு என்று சொல்லியிருந்தாளாம். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அவள் மேல், மாதா மேல், இரும்பு இரும்பு என்று சொன்ன ஊரின் மேல்.

வீட்டுக்குக் கொண்டுவந்து என் அறையில் படுக்க வைத்தேன். உதவிக்கு ஆள் வைத்தால் அக்கா அவர்களைத் தொட விடமாட்டாள். மலம் மூத்திரத்துக்கு என் கைதான் வேண்டும். திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, மலத் தட்டத்தை எடுப்பது. எல்லாம் குனிந்து செய்கிற வேலை. முழங்காலை மடக்கித்தான் செய்தேன், முடிந்தவரைக்கும். அவசரத்தில் முழங்காலுக்கு எங்கே நேரம்? காலை நடை நின்றது. பெல்ட் ஆணியில் தொங்கியது, வார மாத்திரையும் தவறித் தவறிப் போனது. மகள் போனில் கத்துவாள், நாளையிலிருந்து கட்டுகிறேன் என்பேன்.

மாதங்கள் போக, மெல்ல மெல்ல அக்கா எழுந்து உட்கார்ந்தாள். எனக்குப் பயிற்சி சொல்லித் தந்த அதே பெண் வீட்டுக்கு வந்து அவளை வாக்கரில் நிற்க வைத்தாள். அறைக் கதவுவரை நடந்த அன்றைக்கு அக்கா குழந்தைபோலச் சிரித்தாள். நானும் சிரித்தேன், இரண்டு பேரும் அழுதோம்.

அந்த வாரம்தான் எனக்கு அடுத்த ஸ்கேன். டாக்டர் தாளைப் பார்த்தார். தலையாட்டினார். கூடியதெல்லாம் போய், முதல் தடவை இருந்ததற்கும் கீழே இறங்கியிருந்தது. முதுகில் ஓர் எலும்பின் முன்பக்கம் லேசாக அமுங்கத் தொடங்கியிருக்கிறது, வலி ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தன்னால் எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னு சொன்னாரு."

கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் வெகுநாள் பார்த்திருக்கவில்லை.

"நா ஒண்ணு சொல்லுவேன், ஏசப்பிடாது. படுத்துக்கிடந்தப்ப மாதாட்ட நேந்துட்டேன். நா எழும்பி நடந்தா, அடுத்த தேருக்கு நீ கும்பிடு நமஸ்காரம் செய்வேன்னு. ஒனக்குத்தான் எலும்பு நல்லாயிட்டே." கையை விடாமல் என் கண்ணையே பார்த்தாள். "செய்வியா?"

செய்வேன் என்றேன்.